பொன்னுருகக் காயும் புரட்டாசி

கோடை என்றால் சித்திரையும் வைகாசியுமே என்று எண்ணுவது நம்மிடையே ஊறிவிட்ட வழக்கம். அக்கினி நட்சத்திரம் கழிந்ததும் வெயிலைப் பற்றிய பேச்சும் கழிந்துவிடுகிறது. ஆடிக் காற்று ஓய்ந்தபின் உழவர் மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். நெசவாளர் தீபாவளிச் சரக்கில் மூழ்கிவிடுகிறார். ஆனால் நம் முன்னோர் இவ்வளவு அவசரப்பட்டு வெயிலுக்கு விடை கொடுத்தவர்களல்லர். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்தார்கள். அப்பழமொழியின் பிற்பாதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். முற்பாதியைத்தான் கைநழுவ விட்டுவிட்டோம்.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் நடுவில், புரட்டாசி பிறக்கும் தறுவாயில், அம்முற்பாதி தன்னைத் தானே நினைவூட்டிற்று. தமிழ்நாட்டில் பகல் வெப்பம் இயல்பைவிடச் சில டிகிரி மிகுந்திருக்கும் என்று சென்னை வானிலை ஆய்வு மையம் முன்கூட்டி அறிவித்தது. மதுரையில் வெப்பமானி 40 டிகிரியைக் கடந்து நின்றது. (இக்கட்டுரையில் டிகிரி என்று வருவதெல்லாம் சென்டிகிரேடு அளவே.) கடலோர மாவட்டங்களுக்கு இத்தகைய அறிவிப்பு வரும்பொழுது, திருப்பூர், பல்லடம், காங்கயம் பக்கத்தில் இருக்கும் நம்மவர்கள், "அது கடற்கரையார் கவலை" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவதுண்டு. அது கடற்கரையார் கவலை மட்டுமன்று என்பதைச் சற்று விரிவாக எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் இவ்வெயில் எங்கிருந்து வருகிறதென்று பார்ப்போம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் உள்ளது. எனவே சூரியன் ஆண்டுக்கு இரண்டு தடவை நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்டு நான்காம் வாரத்தில் மற்றொரு தடவை. ஆகவே செப்டம்பரில் சூரியன் நம்மை விட்டு வெகு தூரம் போய்விடவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் அதன் கடுமை நமக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அவ்வழியே தென்மேற்குப் பருவக் காற்று மேகத்தையும் குளிர்ச்சியையும் சுமந்துகொண்டு கோவை, பல்லடம், உடுமலை வரை வந்துவிடுகிறது. புரட்டாசியில் அக்காற்று தளர்கிறது. வடகிழக்குக் காற்றோ இன்னும் எழவில்லை. ஒரு காற்று போய் மறு காற்று வருவதற்கு இடைப்பட்ட இந்நாட்களில் வானம் துலங்கிவிடுகிறது, இலை அசைவதில்லை. உடுமலைச் சாலையில் காற்றாலைகள் கைகட்டி நிற்பதைப் பார்த்தாலே இது விளங்கும். விசிறி மிகுதியாகச் சுழலவேண்டிய நாட்களிலேயே காற்று மின்சாரம் குறைந்துவிடுவது ஒரு வேடிக்கை.

கடற்கரையின் கதை வேறு. அங்கே வெயிலைத் தணிப்பது கடற்காற்று. முற்பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே புகுந்து, நண்பகலுக்குமுன் வெப்பத்தை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்துவிடும். மேற்கேயிருந்து வரும் நிலக்காற்று வலுவாக இருக்கும் நாளில் இக்கடற்காற்று கரையேற முடியாமல் தாமதிக்கிறது. சில நாட்களில் பிற்பகல் இரண்டு மூன்று மணிவரை வருவதேயில்லை. அந்நாளில்தான் சென்னையும் கடலூரும் நாகப்பட்டினமும் வேகின்றன. கடலோரத்து வெப்ப முன்னறிவிப்பு என்பது பெரும்பாலும் இந்த இரண்டு காற்றுகளின் மல்லுக்கட்டைப் பற்றிய ஆரூடமே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விநோதமன்று. மும்பைவாசிகள் அக்டோபர் வெப்பம் என்றே அதற்குப் பெயரிட்டு அழைக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் ஆண்டு முழுவதும் பனிமூட்டத்துக்கும் குளிர்காற்றுக்கும் பேர்போனது. அங்கே 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்று வெப்பம் 41 டிகிரிக்கு ஏறியது. அந்நகரில் அதுவரை பதிவான எதையும் விஞ்சிய அளவு அது. கடற்காற்று நின்று, நிலக்காற்று கரைநோக்கித் திரும்பியதுதான் அங்கும் காரணம். குளிருக்கென்றே கட்டிய வீடுகளில் அன்று மக்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

இனி அளவுகோலைக் கவனிப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் வெப்ப அலை என்னும் சொல்லை மனம்போனபடி வழங்குவதில்லை. சமவெளியில் பகல் வெப்பம் 40 டிகிரியையும், மலைப்பகுதியில் 30 டிகிரியையும், கடற்கரையில் 37 டிகிரியையும் எட்டியிருக்கவேண்டும். அத்துடன் அந்த இடத்தின் இயல்பை அது 4.5 டிகிரியாவது விஞ்சியிருக்கவேண்டும். 6.4 டிகிரிக்கு மேலும் விஞ்சினால் அது கடும் வெப்ப அலை.

கடற்கரைக்கு மட்டும் ஏன் 37 என்று கேட்கலாம். நம் தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. கஞ்சி போட்ட பாவு, காற்றில் ஈரம் மிகுந்த நாளில் எவ்வளவு வெயில் அடித்தாலும் உலர மறுப்பதை நம் நெசவாளர்கள் அறிவார்கள். உடம்பும் அப்படித்தான். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரத்தில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிரம்பியிருக்கிறபடியால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. காங்கயத்தில் 39 டிகிரியில் நடமாடுகிறவர் நாகப்பட்டினத்தில் 36 டிகிரியில் தளர்ந்து உட்கார்ந்துவிடுவது இதனாலேயே. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்பொழுதே மறுபடி வெயில் காயும் புரட்டாசியில், உள்நாட்டிலிருக்கும் நமக்கும் இப்புழுக்கம் நேர்கிறது.

சென்னையில் அக்டோபர் மாதத்துப் பகல் வெப்பத்தின் இயல்பு ஏறத்தாழ 32, 33 டிகிரி. வெப்ப அலை என்று முறைப்படி சொல்வதற்கு அது 37க்கு மேலும் ஏறவேண்டும். அக்டோபரில் அது அபூர்வம். ஆகவே 35, 36 டிகிரியில் புழுக்கம் தாங்காமல் ஜனங்கள் தவிக்கும் நாட்களில்கூட "வெப்ப அலை" என்ற சொல் அறிவிப்பில் வருவதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் உண்டாகலாம் என்ற மட்டிலேயே அறிவிப்பு நின்றுவிடுகிறது. அளவுகோலில் தவறு இருப்பதாக நாம் சொல்லவில்லை. மார்ச்சு முதல் ஜூன் வரையே வெப்ப அலைக் காலம் என்று எல்லாரும் கொண்டிருக்கிறபடியால், தண்ணீர்ப் பந்தலும் எச்சரிக்கைப் பலகையும் ஜூலைக்குள் கழற்றப்பட்டுவிடுகின்றன என்பதே நம் குறை. அசௌகரியம் என்ற மென்மையான சொல்லைக் கேட்டு, இஸ்திரி மேசையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் அலட்சியமாக இருந்துவிடலாகாது.

நெசவுக்கு வருவோம். பருத்தி நூல் ஈரத்தை விரும்புவது. முறையான நிலையில் தன் எடைக்கு நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரத்தை அது தன்னுள் வைத்திருக்கும்; ஈரமிருந்தால் வலுவும் மிகும். வறண்ட அனலில் அவ்வீரம் போய்விட்டால் இழை முறுகி, விழுதிலும் அச்சிலும் உராய்ந்து அறுகிறது. ஒரு முழம் நெய்வதற்குள் நாலு முடிச்சுப் போடவேண்டியிருந்தால் கூலி எங்கிருந்து வரும்? குழித்தறியை அமைத்த பெரியோர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். காலைக் குழிக்குள் விட்டு, மண்ணின் குளிர்ச்சி பாவில் ஏறும்படி தறியைத் தரையோடு தரையாக வைத்தார்கள். சென்னிமலைப் பக்கத்தில் இன்றும் குழித்தறியில் இருப்பவர்கள், மண் தரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் இழை நடந்துகொள்ளும் விதத்திலேயே வித்தியாசம் உண்டென்று சொல்லுவார்கள். மேலே ஓட்டுக்கூரை போய்த் தகரமும் கல்நார்த் தகடும் வந்தபின், குழியின் குளிர்ச்சிக்கு இருந்த அனுகூலம் பாதியாகிவிட்டது. பல்லடம், சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் குழியும் இல்லை. தகடு மட்டும் இருக்கிறது. ஓடும் மோட்டாரின் சூடும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

பாவு ஆற்றுவது தனி விஷயம். விடியுமுன் பாவடியில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு, வெயில் ஏறுவதற்குள் கட்டை வைத்துச் சுருட்டிவிடுவது நம் வழக்கம். இளவெயிலில் நிதானமாக உலர்ந்தால் கஞ்சி இழையோடு ஒட்டிநிற்கும். பொன்னுருகும் வெயிலில் ஒன்பது மணிக்குப் பாவை நீட்டினால் மேலே மட்டும் காய்ந்து, தறியில் ஏறியதும் பொடியாக உதிர்கிறது. மழை நாளிலோ உலராமல் பூசணம் பிடிக்கிறது. எனவே நாளைய வானம் எப்படி என்று அறிவது பாவு ஆற்றுபவருக்கு உழவருக்குச் சமமான தேவை. இதை நம் சங்கங்கள் போதுமான அளவு உணரவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

பனியன் தொழிலில் வெயிலின் கொடுமை இடத்துக்கு இடம் மாறுகிறது. பின்னல் இயந்திரம் இருக்கும் அறையில் நூலுக்காகவாவது காற்றின் ஈரத்தைக் கவனித்துக்கொள்கிறார்கள்; ஆளுக்காக அல்ல, நூலுக்காக! சாயப்பட்டறையில் கொதிகலனும் நீராவியும் உண்டு. தையல் வரிசையில் ஆட்களின் நெருக்கம். எல்லாவற்றிலும் கடுமையானது இஸ்திரி மேசைதான். தீபாவளிக்கு உள்நாட்டுச் சரக்கும் கிறிஸ்துமஸுக்கு ஏற்றுமதிச் சரக்கும் ஒரே காலத்தில் முடியவேண்டியிருக்கிறபடியால், வேலை நேரம் மிக நீளும் மாதங்களும் இவையே. பீஸ் கூலிக்கு வேலை செய்பவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோவதையும் நஷ்டமாகவே கணக்கிடுகிறார். இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெப்பக் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. வீட்டுத் திண்ணையில் தறி வைத்திருப்பவருக்கும், பத்துப்பேர் இருக்கும் சிறு பட்டறைக்கும் அவ்விதி எட்டவில்லை.

உழவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஆவணியில் ஊன்றிய பருத்தி ஐப்பசியில் சப்பை கட்டுகிறது. அவ்வமயம் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் சப்பையும் பூவும் உதிர்கின்றன. இலைப்பேனும் வெள்ளை ஈயும் பெருகுகின்றன. 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நல்ல மழை அதை அடித்துக் கழுவிவிடும். வறண்ட ஐப்பசி அதற்குக் கொண்டாட்டம்.

வாய்க்கால் பாசனம் உள்ளவர்கள் இதைச் சமாளித்துக்கொள்வார்கள். பரம்பிக்குளம் ஆழியாறுத் தண்ணீரும், கீழ்பவானித் தண்ணீரும், அமராவதித் தண்ணீரும் தம் முறைப்படி வரும். அவ்வாய்க்கால்கள் எட்டாத காங்கயம், தாராபுரம் மேட்டு நிலங்களைப் பற்றியே நமக்குக் கவலை. அங்கே கொரங்காடு என்று ஒன்று உண்டு. கிளுவை முள்வேலி சூழ, உள்ளே வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்க, அடியில் கொழுக்கட்டைப் புல் விளையும் மேய்ச்சல் காடு அது. காங்கயம் மாடு வளர்ந்ததெல்லாம் அந்தப் புல்லில்தான். யாரும் விதைப்பதில்லை, நீர் பாய்ச்சுவதில்லை. ஐப்பசி மழை ஒன்றே அதற்கு எஜமான். பருவ மழை வந்து நனைத்துவிட்டால் புல் வேரிலிருந்து துளிர்த்து, வெகுநாளைக்குப் பட்டியிலுள்ள மாட்டுக்கும் ஆட்டுக்கும் தாங்கும். மழை தவறி அனல் நீடித்தால் வைக்கோல் வாங்கவேண்டும். வைக்கோல் விலை கட்டாவிட்டால் மாட்டைச் சந்தைக்கு ஓட்டவேண்டும். மாட்டை விற்ற வீட்டில் மறுபடி மாடு வாங்க எத்தனை வருஷம் செல்லும் என்பது அவரவருக்குத் தெரியும்.

2016ஆம் ஆண்டை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவ மழை அக்டோபர் 30ஆம் தேதிதான் தொடங்கிற்று, தொடங்கியும் பெய்யவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் பெய்யவேண்டிய தமிழ்நாட்டில் 168 மில்லிமீட்டரே கிடைத்தது. நூற்றுக்கு 62 குறைவு. டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதே, அந்த மழையும் சேர்த்துத்தான் இக்கணக்கு. 2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அடுத்த கோடையில் நம் பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் தலை சாய்ந்தன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். நம்மைப்போல் நெசவாளரும் உழவரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள சங்கங்களில், ஐப்பசி வானத்தை எல்லாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அடைமழை பிடித்தால் குழித்தறியில் தண்ணீர் நிற்கும், பாவு உலராது, தீபாவளிச் சரக்கு தேங்கும். எனவே தீபாவளி மட்டும் வெயில் காயவேண்டுமென்று நெசவாளர் உள்ளூர விரும்புகிறார். உழவரோ ஐப்பசி முதல் தேதியே மழை வேண்டுமென்கிறார். தூத்துக்குடி உப்பளத்தாரும் நெசவாளர் கட்சியே. ஜனவரியில் தொடங்கும் உப்பு வாரல் வடகிழக்கு மழையோடு முடிந்துவிடுவதால், மழை பிந்தும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு லாபம். அவ்வுப்பில் நமக்கும் பங்குண்டு. அடர்ந்த நிறம் ஏற்றவேண்டுமாயின் ஒரு கிலோ பருத்தித் துணிக்கு அரைக் கிலோ அளவுக்கு உப்பு செல்லுகிறது. (அவ்வுப்பு நொய்யலை என்ன பாடு படுத்தியது, 2011இல் உயர்நீதிமன்றம் ஏன் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது என்பது தனிக் கதை.) ஆனால் அந்த லாபத்தை யார் உடம்பு சுமக்கிறது? தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வு, அனலில் உழைப்பவருக்குச் சிறுநீரகம் பழுதுபடுவதைச் சுட்டிக் காட்டியிருக்கிறது. கடற்கரை வெயில் நமக்கு எட்டாத விஷயமன்று என்று தொடக்கத்தில் சொன்னோம். நாம் விற்கும் வண்ணத் துணியில் அது கரைந்திருக்கிறது.

முன்னறிவிப்பு பொய்த்துவிடுகிறது என்று அங்கலாய்ப்போர் பலர். மழையைப் பொறுத்தமட்டில் இக்குறையில் ஓரளவு நியாயமுண்டு. ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரில் பெய்யாமல் போவது மழையின் சுபாவம். வெப்பம் அப்படியன்று. அது பரந்த நிலப்பரப்பைச் சேரப் பிடிப்பது. சில நாட்களுக்கு முன்பே அதைச் சொல்வது மழையைச் சொல்வதைவிட எளிது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரங்களின் போக்கை வெளியிடுகிறது. உழவருக்கான வானிலை ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருவநிலை ஆய்வு மையத்தார் நம் பகுதிக்குரியதைக் கவனிக்கிறார்கள். 2019இல் வெளிவந்த மேகதூத் என்னும் கைப்பேசிச் செயலியும் உண்டு. வறண்ட வாரம் என்று செவ்வாயன்று தெரிந்தால், புதன்கிழமை கொள்ளு விதைக்க இருந்தவர் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நனைப்பு மழையை நம்பி விதைத்து, முளை வந்தபின் பத்து நாள் அனலில் அதைப் பறிகொடுப்பதைவிட விதை பானையில் இருப்பது மேல்.

வெயிலால் தொழில் நின்ற நாளுக்குக் கூலி யார் தருவது என்பதே மிஞ்சும் கேள்வி. 2010 மே மாதம் ஆமதாபாத் நகரில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் மிகுதியாக நேர்ந்ததை ஆய்வாளர் கணக்கிட்டனர். ஜவுளிக்குப் பேர்போன அந்நகரம் 2013இல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் வகுத்துக்கொண்டது. அதே நகரில் எலா பட் அம்மையார் 1972இல் தொடங்கிய சேவா சங்கம் 2023இல் இன்னும் ஓர் அடி முன்னே போயிற்று. குறிப்பிட்ட அளவை வெப்பம் தாண்டினாலே, யாரும் மனுப் போடாமல், இழப்பை நிரூபிக்காமல், பணம் கைக்கு வரும்படி 21,000 பெண்களுக்கு ஒரு காப்பீடு ஏற்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு அது ராஜஸ்தானம், மகாராஷ்டிரம் ஆகியவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேருக்கு விரிந்தது. கிடைத்த தொகை பெரிதன்று. சில நூறு ரூபாயே. ஆயினும் உச்சி வெயிலில் வீட்டில் இருந்துவிடலாம் என்ற துணிவுக்கு அது போதும்.

நம் மாநிலத்தில் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகை செய்திருக்கிறது. வரவேற்கத்தக்கது. இறந்தவருக்கு வகை பிறந்துவிட்டது. தறியை நிறுத்தியவருக்கு இன்னும் பிறக்கவில்லை. சேவா சங்கத்தினர் செய்ததை நம் சங்கங்கள் சேர்ந்து செய்ய முடியாதா என்று வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர் கேட்கவேண்டும். தனியொரு சங்கத்தால் இது இயலாது. இருபது முப்பது சங்கங்கள் கூடினால் காப்பீட்டுக் கம்பெனிகள் காது கொடுக்கும். அதுவரை பொதுநல நிதியிலிருந்து தொடங்கலாம் என்பது நமது யோசனை. கடனாக அன்று, கடனாகக் கொடுத்தால் யாரும் தறியை நிறுத்தமாட்டார்.

பணம் அதிகம் வேண்டாத காரியங்களும் உண்டு. தகரக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சூடு குறைகிறது. புரட்டாசி முதல் தீபாவளி வரை நூல் கொடுக்கும் நேரத்தையும் துணி வாங்கும் நேரத்தையும் காலை பத்து மணிக்குள் வைத்துக்கொள்வதற்கு நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானமே போதும். துணி மூட்டையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு நண்பகலில் வருகிறவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பலர். தறியருகே உப்பிட்ட மோரோ நீராகாரமோ இருக்கட்டும். தாகம் எடுக்குமுன்பே குடிக்கவேண்டும். யாரேனும் தலை சுற்றிப் பேச்சுக் குழறினால், தோல் காய்ந்து கொதித்தால், அது மயக்கமென்று சோடா வாங்க ஓடவேண்டாம். நிழலில் கிடத்தி, துணியை நனைத்து உடம்பெங்கும் போட்டு, விசிறிக்கொண்டே 108க்குச் சொல்லவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

சங்கக் கட்டடத்தின் முகப்பில் நூல் விலை எழுதும் கரும்பலகை இருக்கிறது. அதன் ஓரத்தில் செவ்வாய், வெள்ளி வானிலைக் குறிப்பையும் எழுதிவைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு வெப்பமானியும் பக்கத்தில் தொங்கட்டும். வெயில் படாத வடக்குச் சுவராகப் பார்த்து மாட்டவேண்டும்.